நான்காம் படத்தில் ஒரு பல்லி

வழக்கறிஞர்கள் ஆங்கிலத்தில்தான் மிரட்ட வேண்டும் என்று எங்கோ எழுதி வைத்திருக்கிறார்கள் போலும். கெலாங் பாத்தாவில், டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்த அந்தச் சின்ன அலுவலகத்துக்கு வந்த கடிதமும் அப்படித்தான் வந்தது. இணைப்புகளோடு சேர்த்து நாற்பத்தாறு பக்கம். யோகேஸ்வரி முதல் பக்கத்தை நின்றுகொண்டு படித்தாள். இரண்டாம் பக்கத்தில் மேசையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் பக்கத்தில் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

யோகேஸ்வரி பன்னிரண்டு வருடம் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்தவள். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, வேலையை விட்டுவிட்டு ‘படிக்கட்டு’ என்று ஓர் இணையதளம் தொடங்கினாள். பிள்ளைகள் தமிழ் எழுதிப் பழகும் தளம். பாடம் அவள் எழுதுவாள். நிரல் எழுதுவது ஆரிஃப். ஆரிஃபுக்கு முப்பது வயது, அவன் அப்பாவுக்குக் கூலாயில் சாப்பாட்டுக் கடை. சிங்கப்பூரில் நல்ல சம்பளத்தில் இருந்தவன், தினமும் எல்லைப் பாலத்து நெரிசலில் நின்று நின்று வெறுத்துப்போய் இவளோடு சேர்ந்துகொண்டான். இப்போது ஜோகூரில் பதினான்கு பள்ளிகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

படிக்கட்டின் சூட்சுமம் ஒன்றே ஒன்றுதான். பிள்ளை ஒரு சொல்லைத் தப்பாக எழுதினால் அது சிவப்புக் கோடு போடாது. என்ன மாதிரித் தப்பு என்று பார்க்கும். காதில் ஓசை பிரியாததால் வந்த தப்பா, எழுத்து வடிவம் மறந்ததால் வந்த தப்பா, அவசரத்தில் விட்டுப்போன தப்பா? அதைத் தெரிந்துகொண்டு, எந்தப் படியில் கால் வழுக்கியதோ அந்தப் படிக்கே பிள்ளையை இறக்கிக் கொண்டுபோய், அங்கிருந்து கைப்பிடித்து ஏற்றும்.

இந்த முறை தங்களுடைய கண்டுபிடிப்பு என்றது கடிதம். அனுப்பியது கோலாலம்பூரில் உள்ள ஒரு பெரிய இணையக் கல்வி நிறுவனம். அதன் பெயரை நாம் சொல்ல வேண்டாம். விளம்பரத்துக்கு அவர்களே தாராளமாகச் செலவு செய்கிறார்கள். 2014 ஆகஸ்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்துப் பெற்றுவிட்டார்களாம். இருபத்தொரு நாளில் படிக்கட்டை மூடிவிட வேண்டும். இல்லையென்றால் இணைத்துள்ள ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டு, அவர்கள் நிழலில் நடத்திக்கொள்ளலாம்.

அந்தத் தாளில் ஒரு வரி இருந்தது. ‘மேற்கண்ட கற்பித்தல் முறை எனக்குச் சொந்தமானதல்ல என்றும், அது மேற்படி நிறுவனத்தின் கண்டுபிடிப்பு என்றும் ஒப்புக்கொள்கிறேன்.’ யோகேஸ்வரிக்கு மூடுவதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. இந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தாள். செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே, மின்விசிறி ஓடாத வகுப்பறையில், எட்டு வயதுப் பிள்ளைகளின் நோட்டுகளைப் புரட்டிப் புரட்டி அவள் கண்டுபிடித்தது அது. அதை இன்னொருவனுடையது என்று அவள் கையாலேயே எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

ஜோகூர் பாருவில் காப்புரிமை வழக்குகள் பார்க்கும் சாந்தினியிடம் போனார்கள். சாந்தினி சுறுசுறுப்பான பெண். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு நாற்பத்தாறு பக்கத்தையும் அவர்கள் எதிரிலேயே புரட்டினாள்.

“டீச்சர், சட்டம் ரொம்ப சிம்பிள். இவங்க விண்ணப்பம் போட்ட தேதிக்கு முன்னால, உலகத்துல எந்த மூலையிலயாவது, யாராவது இதே முறையை வெளியில சொல்லியிருந்தா போதும். அச்சில வந்திருக்கலாம், மேடையில பேசியிருக்கலாம். அப்ப இது புதுசு இல்ல. புதுசு இல்லன்னா காப்புரிமை நிக்காது. உங்ககிட்ட அப்படி ஏதாவது இருக்கா?”

யோகேஸ்வரி சன்னலைப் பார்த்தாள். “ஒரு தடவ எழுதினேன். இப்ப இல்ல.”

“இல்லன்னா? தொலைஞ்சு போச்சா?”

“இல்லம்மா. அதை விடுங்க.”

ஆரிஃப் அவளைத் திரும்பிப் பார்த்தான். சில அவமானங்களைப் பதின்மூன்று வருடம் கழித்தும் எடுத்து வெளியே வைக்க மனம் வருவதில்லை.

ஒன்பது நாள் ஓடியது. யோகேஸ்வரி பள்ளிகளுக்கு அனுப்ப வேண்டிய வருத்தக் கடிதத்தை எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாள். பத்தாம் நாள் காலை, பசியாற வாங்கி வந்த ரொட்டிச் சானாய் ஆறிக் கிடக்க, ஆரிஃப் அந்தக் காப்புரிமை ஆவணத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருந்தான். எங்காவது ஓர் ஓட்டை கிடைக்காதா என்று அவனுக்கு ஆசை.

“அக்கா, இந்த நாலாவது படத்தைப் பாருங்களேன். டப்பா டப்பாவா வரைஞ்சு அம்புக்குறி போட்டிருக்காங்க. உள்ள ஏதோ கோட் மாதிரி இருக்கு. எனக்கே புரியல லா.”

“உனக்கே புரியலன்னா எனக்கு என்ன புரியப்போவுது?”

“சும்மா பாருங்க. கீழ விளக்கம் போட்டிருக்கான், ‘எந்த மொழிக்கும் பொருந்தும் மாதிரிக் குறியீட்டுத் தொடர்’னு.”

யோகேஸ்வரி அசிரத்தையாகக் குனிந்து பார்த்தாள். முதல் கட்டத்துக்குள் இப்படி இருந்தது:

ehd; gy;ypf;Fg; NghfpNwd;

ஆரிஃப் ஏதோ கேட்டது காதில் விழவில்லை. அவள் விரல்கள் மட்டும் மேசைமேல் தாமாக அசைந்தன, விசைப்பலகையில் தட்டுவதுபோல. பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“அக்கா! என்ன ஆச்சு உங்களுக்கு?”

“டேய், இது கோட் இல்லடா. தமிழ்!”

“அலமாக். இதுவா தமிழ்?”

“நான் பல்லிக்குப் போகிறேன்,” என்று படித்தாள் யோகேஸ்வரி. “அம்புக்குறி போட்டு அடுத்த டப்பாவுல பாரு, gs;sp. பள்ளி. நான் பள்ளிக்குப் போகிறேன்.”

ஆரிஃபுக்கு விளங்கவில்லை, அவன் வயதுக்கு விளங்காது. கைத்தொலைபேசியில் தமிழ் தானாக வந்து விழும் காலத்துப் பிள்ளை. அதற்கு முன்னால் ஒரு காலம் இருந்தது. பழைய எழுத்துருக்களில் தமிழ் தட்டினால், கணினிக்குள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். எழுத்துரு அதற்குத் தமிழ் வேஷம் போட்டுக் காட்டும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வேஷம் கலைந்து, அரைப்புள்ளியும் காற்புள்ளியுமாக இப்படிப் பல்லிளிக்கும். புதிய முறை வந்த பிறகும் விரல் பழகியதை விடாமல் பலர் அதிலேயே தட்டிக்கொண்டிருந்தார்கள். யோகேஸ்வரியும் அவர்களில் ஒருத்தி.

“இது என்னோட ஸ்லைடு, ஆரிஃப்,” என்றாள். “நான் செஞ்சது. தமிழ் தெரியாத எவனோ இதை ஏதோ கணக்குக் குறியீடுன்னு நினைச்சு அப்படியே வரைஞ்சு வச்சிருக்கான்.”

அன்றுதான் முழுக்கதையையும் அவனிடம் சொன்னாள்.

2012 மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை. கூலாயில் தமிழாசிரியர்களுக்கு ஒரு பட்டறை. அப்போது பண்டார் தெங்காரா பக்கம் ஒரு பள்ளியில் இருந்த யோகேஸ்வரி, ‘பிழை வழிக் கற்றல்’ என்று கட்டுரை எழுதியிருந்தாள். மூன்று மாத உழைப்பு. மேடை ஏறி, அங்கிருந்த கணினியில் தன் கோப்பைத் திறந்தாள். திரையில் ஒரு தமிழ் எழுத்து இல்லை. எல்லாம் அரைப்புள்ளி. அறுபது ஆசிரியர்கள் முதலில் கொஞ்சம் சிரித்தார்கள். பின்வரிசையில் ஒருவர், “டீச்சர் எந்த நாட்டுத் தமிழ் சொல்லித் தர்றாங்க?” என்று கேட்டதும் மண்டபமே சிரித்தது. கணினி இல்லாமல் வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் அப்படியே இறங்கி வந்துவிட்டாள்.

அத்தோடு போனதா? வாசலில் கட்டுரைத் தொகுப்புப் புத்தகம் அடுக்கி வைத்திருந்தது. எடுத்துப் புரட்டினாள். மற்றவர்கள் கட்டுரையெல்லாம் தமிழில் இருந்தன. அவளுடைய ஏழு பக்கமும் அரைப்புள்ளி. அச்சகத்துக்காரருக்குத் தமிழ் தெரியாது. வந்த கோப்பை அப்படியே அடித்துவிட்டார். பட்டறைச் செயலாளர் காளியப்பன் சார் அட்டையை மட்டும் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்துவிட்டார். யோகேஸ்வரி அவரைப் பிடித்து ஒரு காய்ச்சு காய்ச்சினாள். அழுதாள். ஒரு பிரதிகூட வெளியே போகக் கூடாது, அத்தனையையும் எரிக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கினாள். அவரும் புத்தகக் கட்டுகளை வாங்கித் தன் காடியில் ஏற்றிக்கொண்டு போனார். வீட்டுக்கு வந்ததும் அவள் தன் கணினியிலிருந்தும் எல்லாவற்றையும் அழித்தாள். அதன்பிறகு காளியப்பன் சார் இருக்கும் கூட்டத்துக்கு அவள் போனதில்லை.

“அந்த மண்டபமும் கம்ப்யூட்டரும் யாருது?” என்று கேட்டான் ஆரிஃப்.

“ஏதோ கணினிப் பயிற்சி நிலையம். சனிக்கிழமை இலவசமா விட்டாங்க. பிறகு அந்த நிலையத்தைக் கோலாலம்பூர்க்காரங்க யாரோ வாங்கிட்டாங்கன்னு கேள்வி.” சொல்லும்போதே அவளுக்கு விளங்கியது. அவமானத்தில் ஓடி வந்தவள், கோப்பை அந்தக் கணினியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

சாந்தினியைத் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு ஒரு பெருமூச்சு விட்டாள். “யார் எடுத்தாங்கன்னு நாம நிரூபிக்க வேணாம் டீச்சர். அது கஷ்டம். ஆனா அந்தப் புத்தகம், தேதி போட்ட ஒரே ஒரு புத்தகம் கிடைச்சா போதும். அந்த நாலாவது படமும் புத்தகமும் ஒண்ணா இருந்தா, அவங்க வாயே திறக்க முடியாது.”

ஒரே ஒரு புத்தகம். அத்தனையையும் எரிக்கச் சொல்லி அவளே சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

மறுநாள் ஆரிஃப் தன் மைவி காரில் அவளை லாயாங் லாயாங்குக்கு அழைத்துப் போனான். காளியப்பன் சார் ஓய்வு பெற்று, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தாமான் குடியிருப்பில் இருந்தார். வழி நெடுக யோகேஸ்வரி ஒரே பிரார்த்தனை செய்துகொண்டு வந்தாள். அந்த மனிதர் சோம்பேறியாக இருந்திருக்க வேண்டும். எரிப்பதாகச் சொல்லிவிட்டு எங்காவது கட்டிப் போட்டிருக்க வேண்டும். வாக்குத் தவற வேண்டும் கடவுளே, ஒரே ஒரு தடவை.

ஆனால் காளியப்பன் சார் அந்த ஜாதி இல்லை என்பது வீட்டுக்குள் நுழைந்ததுமே தெரிந்துவிட்டது. வாசலில் செருப்புகள் அளவு வாரியாக நின்றன. கூடத்து அலமாரியில் கோப்புகள் வருடம் எழுதி, வண்ணம் பிரித்து வரிசையாக இருந்தன. மனிதர் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஏனோ ஒரு பயம் தெரிந்தது.

“வாங்கம்மா, உக்காருங்க. தம்பி, என்ன தண்ணி குடிக்கிறீங்க?”

யோகேஸ்வரி சுற்றி வளைக்கவில்லை. “சார், அந்தப் புத்தகம். பட்டறைப் புத்தகம். ஒண்ணாவது இருக்கா?”

“சத்தியம் வாங்கினீங்களேம்மா. அன்னிக்குச் சாயந்திரமே பின்னாடி கொல்லையில வச்சு எரிச்சிட்டேன். நூத்தி இருபது. எண்ணித்தான் போட்டேன்.”

யோகேஸ்வரி பதின்மூன்று வருடம் இந்த மனிதரைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார். இவள்தான் தன் கையாலேயே தன் சாட்சிக்குக் கொள்ளி வைத்திருக்கிறாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்து ஆரிஃப் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வந்த காரியத்தை அவரிடம் மெல்ல எடுத்துச் சொன்னான். காப்புரிமை, கடிதம், ஒப்புதல் தாள், நான்காம் படம்.

கேட்கக் கேட்கக் காளியப்பன் சாருக்கு முகம் வெளிறியது. எழுந்து போய் அலமாரி முன்னால் நின்றார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார்.

“யோகேஸ்வரி,” என்றார், அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே. “நான் உங்ககிட்ட ஒண்ணை மறைச்சிட்டேன்.”

“என்ன சார்?”

“கோபப்படக் கூடாது. நூத்தி இருபத்தஞ்சு அடிச்சோம். புத்தகம் போட்டா தேசிய நூலகத்துக்கு அஞ்சு பிரதி அனுப்பணும்னு சட்டம். எல்லாரும் ஒரு மாசம் கழிச்சு அனுப்புவாங்க, பாதிப் பேரு அனுப்பவே மாட்டாங்க. நான் அச்சகத்துலருந்து வந்த அன்னிக்கே, வியாழக்கிழமையே, போஸ் ஆபிஸ்ல கொண்டுபோய்ப் போட்டுட்டேன். சனிக்கிழமை நீங்க அழுதீங்க. அப்ப எனக்குச் சொல்ல வாய் வரல. திருப்பிக் கேட்டு எழுதிப் பார்த்தேன். பதிவு பண்ணியாச்சு, தர முடியாதுன்னு பதில் போட்டுட்டாங்க.” அவர் குரல் இறங்கியது. “பதின்மூணு வருசமா உங்களைத் தலைநிமிர்ந்து பாக்க முடியாம இருக்கேம்மா. உங்க அவமானம் அங்க அலமாரியில உக்காந்திருக்கு, அதுக்குக் காரணம் நான்தான்னு.”

சொல்லிவிட்டு 2012 என்று எழுதிய ஒரு நீலக் கோப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே நூலகம் அனுப்பிய ரசீது, முத்திரையோடு, தேதியோடு இருந்தது. அதன் பின்னால் அவர் திருப்பிக் கேட்டு எழுதிய கடிதத்தின் நகலும், மறுத்து வந்த பதிலும் இருந்தன.

யோகேஸ்வரி அந்த ரசீதை இரண்டு கையாலும் எடுத்தாள். பேச முயன்றாள், அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. “சார்,” என்றாள் கடைசியில், “நீங்க நல்லா இருக்கணும் சார்.”

காளியப்பன் சாருக்கு ஒன்றும் புரியவில்லை. திட்டு விழும் என்று பதின்மூன்று வருடம் காத்திருந்தவர், பாராட்டு விழுந்ததும் எங்கே கையை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார். “அப்ப நான் செஞ்சது தப்பு இல்லையா?” என்று ஆரிஃபைக் கேட்டார்.

“தப்புதான் ஐயா,” என்றான் ஆரிஃப். “ஆனா நல்ல தப்பு.”

நூலகத்திலிருந்து சான்றளித்த நகல் வாங்க ஒரு வாரம் பிடித்தது. அந்த ஏழு பக்கமும் வந்தபோது யோகேஸ்வரியால் இரண்டு பக்கத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை. அரைப்புள்ளிகளைப் பார்த்தாலே அந்த மண்டபத்துச் சிரிப்புக் காதில் கேட்டது. சாந்தினிக்கு அது போதுமானதாக இருந்தது. நான்காம் படத்தில் இருந்த வாக்கியம் இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது.

இருபதாம் நாள் காலை பத்து மணிக்குச் சாந்தினியின் அலுவலகத்தில் சந்திப்பு. நிறுவனத்தின் சார்பில் கோலாலம்பூரிலிருந்து ராஜசேகரன் என்ற வழக்கறிஞர் வந்திருந்தார். ஐம்பது வயது, நல்ல உடை, நல்ல பழக்கம். காளியப்பன் சார் வெள்ளைச் சட்டையை உள்ளே விட்டு, நீலக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்திருந்தார்.

ராஜசேகரன் நகலைப் புரட்டினார். ஒருமுறை தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தார்.

“எனக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. மலாய்ப் பள்ளியில படிச்சவன்,” என்றார். “ஆனா இது தமிழே இல்லையே, மேடம். தேதி ஓக்கே, முத்திரை ஓக்கே. ஆனா இந்தப் பக்கம் எந்த மொழியிலயும் எதையும் சொல்லலையே. ஒண்ணுமே சொல்லாத புத்தகம், எங்க கண்டுபிடிப்பை முன்னாடியே சொல்லிடுச்சுன்னு எப்படி சொல்றீங்க?”

நியாயமான கேள்விதான். ஆரிஃப் முகம் வாடிவிட்டது. சாந்தினி கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

“டீச்சர்,” என்றாள், “படிங்க.”

யோகேஸ்வரி அந்தப் பக்கங்களைத் தன் பக்கம் இழுத்தாள். பதின்மூன்று வருடத்துக்கு முன் நின்ற அதே மேடைதான் இது. இறங்கி ஓட இந்தத் தடவை படி இல்லை. gpio topf; fw;wy; என்று இருந்த தலைப்பின்மேல் விரலை வைத்தாள்.

“பிழை வழிக் கற்றல்,” என்று படித்தாள்.

முதல் பத்தியில் குரல் நடுங்கியது. இரண்டாவதில் கொஞ்சம் நிதானப்பட்டது. மூன்றாவதில் அவள் வகுப்பறைக்கே போய்விட்டாள். மாணவரின் தவறான விடையை நீக்க வேண்டிய குப்பையாகக் கருதக் கூடாது. அது அவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்று சொல்லும் விலாசம். தவறுகளை வகை பிரித்து, வகைக்கு ஏற்ற முந்தைய பாடத்துக்குக் கணினியே மாணவரைத் திருப்பி அனுப்புமாறு செய்யலாம். வாசிக்க வாசிக்க, அரைப்புள்ளியும் காற்புள்ளியும் தமிழாக எழுந்து வந்தன. அவள் ஒரு சொல்லுக்குக்கூடத் தடுமாறவில்லை. காளியப்பன் சார் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார், தாமே எழுதியதுபோல.

ராஜசேகரன் தன் நான்காம் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பேனா நுனியால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுக்கொண்டு வந்தார். தமிழ் படிக்கத் தெரியாதவருக்கு ஆங்கில எழுத்து ஒன்றாக இருப்பது தெரியாதா என்ன?

“நான் பல்லிக்குப் போகிறேன்,” என்று அவள் படித்தபோது அவர் தன்னை மறந்து சிரித்துவிட்டார். “நானும் சின்னதுல அப்படித்தான் சொல்வேன். எங்கம்மா தலையில கொட்டுவாங்க.”

“கொட்டியிருக்கக் கூடாது சார்,” என்றாள் யோகேஸ்வரி. “உங்களுக்கு ரெண்டு ஓசையும் காதுல பிரியல. கொட்டினா பிரியாது. கேக்க வைக்கணும். அதுதான் அடுத்த பக்கத்துல இருக்கு.”

அவள் படித்துக்கொண்டே போனாள். ஏழாம் பக்கத்தின் கடைசி வரிக்கு வந்தாள். அங்கே நின்றாள். இப்படி ஒரு வரி எழுதியதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. இத்தனை வருடம் யாருமே படிக்காத வரி.

“தவறாக எழுதி எனக்கு வழிகாட்டிய இரண்டாம் ஆண்டு மாணவி லோஷினிக்கு என் நன்றி.”

“ஒரு நிமிஷம்,” என்றார் ராஜசேகரன். “அந்தக் கடைசிப் பக்கம், ஒரு சொல்லுல பின்பக்கம் சாஞ்ச கோடு ஒண்ணு இருக்கே. அது என்ன?”

அவர் பேனா காட்டிய இடத்தில் Nyh\pdp என்று இருந்தது.

“லோஷினி. பிள்ளையோட பேரு.”

ராஜசேகரன் தன் படத்தை மெதுவாகத் திருப்பி மேசைக்கு நடுவில் வைத்தார். மூலையில் ஒரு சின்னக் கட்டம். யோகேஸ்வரி இத்தனை நாள் அதைப் படித்துப் பார்க்கவில்லை. அதையாவது அவர்களுடைய சொந்தக் குறியீடு என்று நினைத்துவிட்டாள். கட்டத்துக்குள் ‘பயனர் 1’ என்று ஆங்கிலத்தில் போட்டு, பக்கத்தில் எழுதியிருந்தது: Nyh\pdp.

சாந்தினி ஏழாம் பக்கத்தை எடுத்து அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“விளக்கத்துல இதைக் கற்பனையான அடையாள எண்ணுன்னு போட்டிருக்காங்க,” என்றார் ராஜசேகரன், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல.

“எண் இல்ல சார்,” என்றாள் யோகேஸ்வரி. இப்போது அவள் குரலில் நடுக்கமே இல்லை. “என் வகுப்புல மூணாவது வரிசையில உக்காந்த பொண்ணு. ரெட்டைச் சடை. நான் அவளுக்குத்தான் இதைக் கண்டுபிடிச்சேன். உங்க கம்பெனி என் வேலையை எடுத்துச்சு, போகட்டும். அந்தப் பிள்ளை பேரையும் சேர்த்து எடுத்திருக்கு. அது பேருன்னுகூட அவங்களுக்குத் தெரியல.”

ராஜசேகரன் படத்தை மடித்துப் பையில் வைத்தார். எழுந்தவர், காளியப்பன் சாரின் நீலக் கோப்பை ஒருமுறை பார்த்துவிட்டு, “என் கட்சிக்காரங்ககிட்ட பேசுறேன்,” என்றார். வாசல்வரை போனவர் திரும்பினார். “அந்த ரெண்டு ஓசை. பெரியவங்களுக்கும் சொல்லித் தருமா உங்க படிக்கட்டு?”

“வயசு கேக்காது சார்.”

நான்கு நாள் கழித்து மிரட்டல் கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக இரண்டு வரி வந்தது. நாற்பத்தாறு பக்கத்தில் மிரட்டியவர்களுக்கு மன்னிப்புக் கேட்க மூன்றாவது வரி வரவில்லை. சாந்தினி அதோடு விடவில்லை. இன்னும் எத்தனை சின்னத் தளங்களுக்கு இதே கடிதம் போயிருக்கிறதோ, காப்புரிமையையே ரத்து செய்ய மனுப் போடப் போகிறேன் என்றாள். ரசீதின் மூலத்தைத் தன் கையாலேயே நீதிமன்றத்தில் கொடுப்பேன் என்று காளியப்பன் சார் சட்டை தேய்த்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். புத்தகத்தைச் சரியான எழுத்தில் மறுபதிப்புப் போடலாமா என்றும் கேட்டார்.

“போடுங்க சார்,” என்றாள் யோகேஸ்வரி. “இந்தத் தடவை நானே மெய்ப்புப் பாக்குறேன். அனுப்ப வேண்டிய அஞ்சு பிரதியை நீங்க அன்னிக்கே அனுப்பிடுங்க.”

ஒப்புதல் தாளை அவள் கிழித்துப் போடவில்லை. அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பாடக் குறிப்பு எழுதிக்கொண்டாள்.

லோஷினியின் எண்ணைக் கண்டுபிடிக்க மூன்று முன்னாள் மாணவர்களைத் தேட வேண்டியிருந்தது. இப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது, செனாயில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை. மதிய உணவு நேரத்தில் யோகேஸ்வரி கூப்பிட்டாள். நடந்ததையெல்லாம் சொன்னாள்.

“அலமாக், டீச்சர்! நான் பல்லின்னு எழுதினதையா? இன்னுமா அதை மறக்கல?”

“எப்படி மறக்கிறது? அச்சில இருக்கு. தேசிய நூலகத்துல இருக்கு. அடுத்து நீதிமன்றத்துக்கும் போவுது.”

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. “நான் எவ்வளவோ சரியா எழுதியிருக்கேன் டீச்சர். அதுல ஒண்ணுக்காவது இந்த மரியாதை கிடைச்சுதா?” சிரிப்பு அடங்கியதும் அவள் சொன்னாள், “எங்க அக்கா மக இப்ப ரெண்டாம் ஆண்டு. உங்க படிக்கட்டுலதான் படிக்குது. அதுவும் பல்லிக்குப் போறேன்னுதான் எழுதுது. நேத்துக்கூட நான் திட்டினேன்.”

“திட்டாத,” என்றாள் யோகேஸ்வரி. “எழுதட்டும் விடு. படிக்கட்டு தெறந்துதான் இருக்கு.”